நையாண்டி நாவல்களின் முதற்பதிப்பு சேர்க்க ஆசையா? சிங்கப்பூரில் எப்படித் தொடங்குவது

நையாண்டி நாவல், முதற்பதிப்பு என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தாலே எல்லாரும் ஓடுவது ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்' பக்கம்தான். புதியவர்கள் கடைசியாகப் போக வேண்டிய இடம் அது. 1945 ஆகஸ்ட் 17ஆம் தேதி லண்டனில் செக்கர் அண்ட் வார்பர்க் நிறுவனம் 4,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டது. மேலுறையோடு (கெட்டி அட்டையின்மேல் போர்த்தியிருக்கும், கழற்றக்கூடிய தாளுறை) சுமாரான பிரதி வேண்டுமென்றால்கூட ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்பார்கள். அந்த அளவுக்கு விலை ஏறிய புத்தகத்தைச் சுற்றி போலி மேலுறையும், மறைத்துச் சொல்லும் விவரங்களும் கூடவே வரும். அதைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இன்னும் வரவில்லை, சரியா?

அதனால் நான் சொல்லும் வழி வேறு. நம் வட்டாரத்தைக் கேலி செய்த நாவல்கள், நம் மொழியில் வந்த நையாண்டித் தொடர்கள், இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். விலை கைக்கு அடங்கும், தேடுகிற இடங்களும் பக்கத்தில் இருக்கின்றன, அப்புறம் முக்கியமாக, கதைக்குள் வரும் ஊரும் ஆட்களும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்.

முதல் வேலை: எல்லை போடுங்கள்

"நல்ல நையாண்டி நாவல் எல்லாம்" என்பது எல்லையே இல்லை. ஒரு எழுத்தாளர், ஒரு பத்தாண்டு, ஒரு ஊர் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் புதியவர்களுக்குச் சொல்வது ஆண்டனி பர்ஜஸின் மலாயா நாவல்கள் மூன்று. 'டைம் ஃபார் எ டைகர்' 1956, 'தி எனிமி இன் த பிளாங்கெட்' 1958, 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' 1959, மூன்றும் லண்டன் ஹைன்மன் வெளியீடு. கோலாகங்சாரில் ஆசிரியராக இருந்த ஆள், வெள்ளைக்கார அதிகாரிகளையும் உள்ளூர்க்காரர்களையும் ஒருவர் விடாமல் கிண்டலடித்திருக்கிறார், மூன்றாவது நாவலில் யாழ்ப்பாணத் தமிழர்களும் தப்பவில்லை. முதல் நாவலின் தலைப்பே டைகர் பீர் விளம்பர வாசகம்தான். இதோடு ஜே.ஜி. ஃபாரலின் 'தி சிங்கப்பூர் கிரிப்' சேர்த்தால் நான்கு. 1978, வைடன்ஃபெல்ட் அண்ட் நிக்கல்சன். ஜப்பானியர் வருகிற நேரத்தில் சிங்கப்பூரின் ரப்பர் முதலாளிகள் எப்படி இருந்தார்கள் என்பதைக் காட்டும் தடிமனான புத்தகம். ஃபாரல் அடுத்த ஆண்டே அயர்லாந்தில் கடலில் விழுந்து இறந்துவிட்டார், அதனால் இந்த நாவலில் ஆசிரியர் கையெழுத்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேட்டுவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நான்கு புத்தகம் போதுமா என்று கேட்காதீர்கள். நான்கையும் சரியான அச்சில், சரியான மேலுறையோடு, பூஞ்சை இல்லாமல் தேடிப்பாருங்கள், அப்போது தெரியும்.

பதிப்புப் பக்கம் படிக்கப் பழகுங்கள்

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் வரும் பக்கம்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி. சேகரிப்பவர்கள் முதற்பதிப்பு என்று சொல்லும்போது அவர்கள் சொல்வது முதற்பதிப்பின் முதல் அச்சு. அதே பதிப்பு மூன்றாம் முறை அச்சானாலும் எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் இருக்கும், ஆனால் விலை பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போகாது.

பழைய பிரிட்டிஷ் பதிப்பகங்களில் வழக்கம் எளிது: 'ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் 1956' என்று இருக்கும், அதன்கீழ் 'ரீபிரிண்டட்' என்று வேறு வரி இருக்கக் கூடாது. அமெரிக்கப் புத்தகங்களில் பல நேரம் 'ஃபர்ஸ்ட் பிரிண்டிங்' என்றே போட்டுவிடுவார்கள். 1961இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் வெளியிட்ட ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச்-22' அப்படித்தான். பிற்காலப் புத்தகங்களில் எண் வரிசை இருக்கும், 10 9 8 7 என்று இறங்கி 1 வரை. அல்லது ஒற்றைப்படை இடப்பக்கமும் இரட்டைப்படை வலப்பக்கமுமாக. எப்படி இருந்தாலும் அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும், 1 இருந்தால் முதல் அச்சு. இதிலும் விதிவிலக்கு உண்டு. ரேண்டம் ஹவுஸ் நீண்ட காலம் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சிட்டு எண் வரிசையை 2இல் தொடங்கியது. அது முதல் அச்சுதான், தெரியாதவர்கள் கடையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். உங்களுக்கு நல்லது.

பதிப்புப் பக்கம் உண்மையைத்தான் சொல்லும் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். 'அனிமல் ஃபார்ம்' முதல் அச்சில் மே 1945 என்று இருக்கிறது, கடைக்கு வந்தது ஆகஸ்டில். மே என்று பார்த்துவிட்டு அதற்கு முந்தைய பதிப்பு ஒன்று இருக்கிறதோ என்று தேடுபவர்கள் உண்டு, அப்படி எதுவும் இல்லை.

எந்த நாட்டுப் பதிப்பு முதலில் வந்தது என்பதும் ஒரு கேள்வி. மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்க நாவல், ஆனால் லண்டன் பதிப்பு 1884 டிசம்பரிலேயே வந்துவிட்டது, நியூயார்க் பதிப்பு 1885 பிப்ரவரியில்தான். இருந்தும் சேகரிப்பவர்கள் பலர் அமெரிக்கப் பதிப்பைத்தான் விரும்புகிறார்கள், எழுத்தாளரின் சொந்த நாட்டுப் பதிப்பு என்பதால். அந்த அமெரிக்கப் பதிப்பில் 57ஆம் பக்கத்தில் ரம்பத்தைக் குறிக்கும் 'saw' என்ற சொல் வர வேண்டிய இடத்தில் எழுத்துகள் இடம் மாறி 'was' என்று அச்சாகியிருக்கும், பிறகு திருத்திவிட்டார்கள். திருத்துவதற்கு முன் அச்சான தாள் என்பதற்கு அது ஓர் அடையாளம். அச்சுப்பிழைக்குக் காசு கொடுக்கும் ஒரே கூட்டம் நாம்தான். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இப்படி என்னென்ன அடையாளங்கள் உண்டு என்று வாங்குவதற்கு முன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நின்றுகொண்டு தேடாதீர்கள்.

மேலுறை

இருபதாம் நூற்றாண்டு நாவலில் பெரும்பங்கு விலை மேலுறைக்குத்தான். கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் சந்தை அப்படி. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் மேலுறையைக் கழற்றி எறிந்தார்கள், நூலகங்களும் எறிந்தன, மிஞ்சியது கொஞ்சம்.

பார்க்க வேண்டியவை: உள்மடிப்பில் விலை இருக்கிறதா, அல்லது மூலையைக் கத்தரித்துவிட்டார்களா? பரிசாகக் கொடுப்பவர்கள் விலையை வெட்டிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வெட்டியிருந்தால் மதிப்பு குறையும், கூடவே அது எந்த அச்சின் மேலுறை என்று உறுதி செய்யும் ஒரு வழியும் போய்விடும். 'கேட்ச்-22' மேலுறையில் 5.95 டாலர் என்று இருக்க வேண்டும். விலையே அச்சாகாத அமெரிக்க மேலுறை என்றால் புத்தகக் கழகப் பதிப்பாக, அதாவது கழக உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டதாக, இருக்க வாய்ப்பு அதிகம். பின்னட்டையின் கீழ் மூலையில் மை இல்லாமல் அழுத்திய சின்னக் குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அதுவும் கழகப் பதிப்பின் அடையாளம். அடுத்து, மேலுறையிலேயே அந்தப் புத்தகத்துக்கு வந்த பத்திரிகை மதிப்புரைகள் அச்சாகியிருந்தால் யோசியுங்கள். மதிப்புரை வந்த பிறகு அச்சான மேலுறை எப்படி முதல் அச்சோடு வந்திருக்கும்? பின்னால் வந்த மேலுறையை முன்னால் வந்த புத்தகத்துக்குப் போட்டு விற்பது ரொம்பப் பழைய வேலை.

நகல் மேலுறைகளும் விற்கின்றன. நேர்மையாக நகல் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறில்லை, ஆனால் இரண்டு கை மாறினால் அந்தத் தகவல் காணாமல் போய்விடும். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து எடுத்த நகலில் எழுத்துகளின் ஓரம்கூடப் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும், அசலில் எழுத்து கெட்டியாக நிற்கும். 'அனிமல் ஃபார்ம்' மேலுறைக்கு இன்னொரு நல்ல சோதனை உண்டு: போர்க்காலத் தாள் பஞ்சத்தில் அதே பதிப்பகத்தின் 'சர்ச்லைட் புக்ஸ்' வரிசைக்கு அச்சிட்டு மிஞ்சிய மேலுறைகளின் பின்பக்கத்தில்தான் இதை அச்சிட்டார்கள். புரட்டிப் பார்த்தால் உள்ளே வேறு அச்சு தெரிய வேண்டும்.

நம் பர்ஜஸுக்கும் ஒரு மேலுறைக் கதை இருக்கிறது. 'தி எனிமி இன் த பிளாங்கெட்' மேலுறையில் ஒரு சீக்கியர் வெள்ளைக்காரத் தம்பதியை ரிக்‌ஷாவில் வைத்து இழுத்துப் போவது போலப் படம். மலாயாவில் சீக்கியர் ரிக்‌ஷா இழுத்ததை யார் பார்த்தது? பர்ஜஸ் எரிச்சலடைந்து பிற்காலத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார், பழி தன்மீது விழும் என்ற கோபம் அவருக்கு. இந்த மேலுறைக்காகவே அந்தப் புத்தகத்தைத் தேடலாம், என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் முதலில் வாங்க வேண்டியது.

தமிழ் நையாண்டிக்கு வேறு கணக்கு

இங்கே ஆங்கிலப் புத்தக விதிகளை அப்படியே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம் நகைச்சுவை, நையாண்டி நாவல்களில் பல முதலில் வார இதழில் தொடராக வந்தவை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' ஆனந்த விகடனில் கோபுலுவின் படங்களோடு வந்தது. தேவனின் துப்பறியும் சாம்புவும் விகடன்தான், ராஜு வரைந்தார். தேவன் 1957இல் இறந்துபோனார், அவருடைய எழுத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நூலாக வந்தது. அப்படியென்றால் எது முதல்?

என் முடிவு இது: வாராவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து, வீட்டில் யாரோ பைண்டு செய்து வைத்த அந்தத் தடித்த தொகுப்புதான் நமக்கு முதல். நூல் வடிவில் வந்த முதற்பதிப்பு அதற்கு அடுத்துதான். இதை ஒத்துக்கொள்ளாத சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். படமும், பக்க ஓரத்தில் சோப்பு விளம்பரமும், கதை நின்ற இடத்தில் 'தொடரும்' என்பதுமாக வாசகர்கள் படித்த வடிவம் அதுதான். நூலாக வந்தபோது பல படங்கள் விடுபட்டிருக்கும்.

பைண்டு தொகுப்பு வாங்கும்போது பொறுமையாக உட்கார்ந்து அத்தியாய எண்களை ஒன்று விடாமல் சரிபாருங்கள். நடுவில் ஒரு வாரம் இருக்காது, அல்லது கடைசி அத்தியாயம் பக்கத்து வீட்டுக்குப் படிக்கப் போய்த் திரும்பி வந்திருக்காது. பைண்டர் ஓரம் வெட்டும்போது எழுத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறாரா, உள்பக்கத் தையல் எழுத்தை விழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு பக்கத்தில் இதழின் தேதி மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

நேரடியாக நூலாக வந்தவையும் உண்டு. இலக்கிய உலகத்தையே நக்கலடித்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது, அதன் முதற்பதிப்பு இன்றைக்கும் தேடினால் கிடைக்கும் புத்தகம்தான். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் வாங்கும் முன் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள், அவ்வளவு பழைய தாளில் முன்பக்கங்கள் தொலைந்து வேறு பதிப்பிலிருந்து ஒட்டிய பிரதிகளும் வரலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் வெறும் மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்றே போடுவது வழக்கம், சிலர் பழைய விவரங்களை எடுத்துவிட்டுப் புது ஆண்டை மட்டும் போட்டு 'முதற்பதிப்பு' என்பார்கள், பதிப்பகம் மாறினால் அவர்களுக்கு அது முதல்தானே. முன்னுரையின் அடியில் இருக்கும் தேதி, விலை ரூபாயா அணாவா, அச்சகத்தின் பெயர், இவற்றை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எங்கே தேடுவது

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளை நிதானமாகச் சுற்றுங்கள். பெரும்பாலும் பாடநூலும் பேப்பர்பேக்கும்தான் இருக்கும், ஆனால் வெளிநாட்டவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்போது பெட்டி பெட்டியாக வந்து சேரும் இடமும் அதுதான். பழைய புத்தகங்களின் முன்னட்டை உள்பக்கத்தில் எம்பிஎச் அல்லது கெல்லி அண்ட் வால்ஷ் என்று அந்தக் காலப் புத்தகக் கடையின் குட்டி லேபிள் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இங்கேயே விற்ற பிரதி என்பதற்கு அதுதான் சாட்சி. லண்டன்காரர் அதைக் குறையாக எழுதலாம், எனக்கு அது கூடுதல் மதிப்பு.

காரோசல் செயலியில் எழுத்தாளர் பெயரை மட்டும் தேடாமல் 'ஓல்ட் புக்ஸ்', 'தமிழ் புக்ஸ்' என்று பொதுவாகவும் தேடுங்கள், விற்பவருக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில்தான் நல்ல பிரதி வரும். தமிழ்த் தொகுப்புகளுக்கு அதைவிட நல்ல வழி வாய்ச்சொல்தான். பெரியவர்கள் காலமான பிறகு, அல்லது சின்ன வீட்டுக்கு மாறும்போது, அவர்கள் வைத்திருந்த விகடன், கல்கி தொகுப்புகளைக் காராங்குனிக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். உறவினர், கோயில் நண்பர்கள், வாசகர் வட்டம் என்று எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். ஊருக்குப் போகும்போது சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

வாங்குவதற்கு முன் அசலைப் பார்த்துப் பழக விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போகலாம். 7ஆம் தளத்திலிருந்து மேலே லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூலகத்தின் பழைய நாளிதழ் இணையத் தொகுப்பில் தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இருக்கின்றன, ஒரு நாவல் வந்த நேரத்தில் இங்கே என்ன எழுதினார்கள் என்று தேடினால் பொழுது போவதே தெரியாது. நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களும் விற்பனைக்கு வரும், முத்திரையும் பட்டைக் குறியீடும் இருப்பதால் சேகரிப்புக்கு மதிப்பில்லை, படிக்க வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து என்றால் ஏப்புக்ஸ், பிப்லியோ, ஈபே என்ற இணையத் தளங்கள். முதலில் ஐலாப் (ILAB) என்ற பழம்புத்தக வணிகர்களின் உலகக் கூட்டமைப்பில் உள்ளவர்களிடம் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் பட்டியலில் 'குட்' என்று போட்டிருந்தால் அடிபட்ட பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள், 'வெரி குட்'டே சுமார்தான், 'ஃபைன்' என்றால்தான் நாம் நினைக்கும் நல்ல நிலை. பதிப்புப் பக்கம், உள்மடிப்பு இரண்டும், முதுகு, மேல் விளிம்பு, இத்தனைக்கும் படம் கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் வாங்காதீர்கள்.

வரியைக் கணக்கில் சேருங்கள். பொருள், அஞ்சல், காப்புறுதி எல்லாம் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி, கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். 400க்குக் கீழே என்றாலும் 2023 முதல் இங்கே பதிவுசெய்த பெரிய இணையத் தளங்கள் வாங்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் ஊரில் புத்தகத்துக்கு முதல் எதிரி காற்று. ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் இன்னும் ஏறும். 65, 70ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தாளுக்கு 45இலிருந்து 55 வரை நல்லது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும், ஈரப்பதத்தைக் குறைத்துவைக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கிவிடுங்கள், நான்கு புத்தகத்துக்குச் சின்னதே போதும். ரொம்பக் குறைத்து வைக்காதீர்கள், 35க்குக் கீழே போனால் தாளும் பசையும் காய்ந்து உடையும்.

வீவக வீட்டில் பலர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் பாம் ஷெல்டர் புத்தகத்துக்கு ஆகவே ஆகாது, கான்கிரீட் சுவர், கனத்த கதவு, காற்றோட்டம் குறைவு. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், சுவருக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். இரவெல்லாம் ஏர்கான் ஓடி பகலில் அணைத்துவைக்கும் படுக்கையறை இன்னும் மோசம், ஈரம் ஏறி ஏறி இறங்கும்போது அட்டை வளைந்துவிடும்.

புதிதாக வந்த புத்தகத்தை உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தனியாக ஒரு பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, ராமபாணப் பூச்சியோ பூஞ்சை வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். பாச்சை உருண்டையைப் புத்தகத்தோடு போட்டு மூடிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், நெடி தாளில் ஏறினால் போகாது. மேலுறைக்கு ஒட்டாத வகைப் பாலியெஸ்டர் உறை போடுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் ஒட்டும் பிளாஸ்டிக் போட்டால் அன்றோடு அதன் விலை முடிந்தது. கிழிந்த இடத்தில் செலோடேப்பும் கூடாது, பசை சில ஆண்டில் பழுப்பேறி தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப்புத்தகம், அல்லது கணினியில் ஓர் அட்டவணை: என்ன புத்தகம், எந்த அச்சு என்று எப்படி முடிவு செய்தீர்கள், யாரிடம், எவ்வளவு, என்னென்ன குறை. ரசீதைப் புத்தகத்துக்குள் வைக்காமல் தனி உறையில் போடுங்கள், கடை ரசீதின் மை சூட்டில் அச்சாவது, ஒன்றிரண்டு ஆண்டில் வெளுத்துவிடும், அதனால் வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.